லங்காவிக்கு டிசம்பரில் போகலாமா?

சென்ற ஆண்டு நவம்பர் கடைசியில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் ஓயாத பேச்சு. லூனாஸ் பெரியம்மா வீட்டார், சுங்கை பட்டாணி மாமா வீட்டார், நாங்கள் என மொத்தம் பதினான்கு பேர் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் லங்காவிக்குப் போவதாக இருந்தோம். படகு டிக்கெட் வாங்குவதற்கு முந்திய இரவு, தொலைக்காட்சிச் செய்தியில் கிழக்குக் கரை வெள்ளத்தைக் காட்டினார்கள். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், நிவாரண மையத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் குழந்தைகள். உடனே மாமா எழுதினார்: "மழைக்காலத்துல தீவுக்குப் போறதா? வேணாம்பா. செப்டம்பர் லீவுல போய்க்கலாம்."

பயணம் அன்றே ரத்தானது. சொன்னபடி இந்த ஆண்டு செப்டம்பரில் போனோம். நான்கு நாள்களில் மூன்று நாள் மழை. தங்கும் விடுதியின் ஐந்தடித் தாழ்வாரத்தில் பதினான்கு பேரும் உட்கார்ந்து மேகி மீ சாப்பிட்டதுதான் மிச்சம். (இதில் எனக்கும் பங்குண்டு. விஷயம் தெரிந்தும் குழுவில் வாயைத் திறக்கவில்லை.)

நான் மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். "மழைக்காலம்" என்ற ஒரே சொல்லை எடுத்து நாடு முழுவதற்கும் போர்த்திவிடும் பழக்கம் நம் எல்லாருக்கும் இருக்கிறது. என் கருத்து இதுதான்: கெடாவில் வாழும் நாம், கிழக்குக் கரையின் மழை நாள்காட்டியை வைத்து நம் பயணங்களைத் திட்டமிடக் கூடாது. நம் வட்டாரத்துக்குத் தனி மழைக்கணக்கு உண்டு. அது தெரியாமல் போனால் விடுமுறைப் பணம் வீணாகும். அதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்வோம். செய்தியில் "வடகிழக்குப் பருவமழை தொடங்கியது" என்கிறார்கள். தொடங்குவது காற்று. அந்தக் காற்று மழை தருமா தராதா என்பது, அது எந்த வழியாக வருகிறது, நீங்கள் மலைக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நம் முன்னோருக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. கெடாவுக்குத் தமிழில் கடாரம் என்று பெயர். சோழ மண்டலக் கரையிலிருந்து ஒரு பருவக்காற்றில் பாய்மரம் விரித்து வந்து, ஜெராய் மலையை அடையாளம் கண்டு மெர்போக் ஆற்று முகத்தில் நுழைந்த வணிகர்கள், திரும்பிப் போக அடுத்த காற்றுக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுடைய பயணத் திட்டம் முழுவதும் காற்றின் திசையைப் பார்த்துப் போட்டதுதான்.

நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குக் காற்று, ஆசியப் பெருநிலத்தின் குளிர்ந்த பகுதியிலிருந்து புறப்பட்டுத் தென்சீனக் கடலைக் கடந்து வருகிறது. வரும் வழியில் ஏராளமான நீராவியைச் சுமந்துகொள்கிறது. கிளந்தான், திரங்கானு கரைகளில் மோதி, தீத்திவங்சா மலைத்தொடர் மீது ஏறுகிறது. மேலே ஏறும் காற்று விரிந்து குளிரும். குளிர்ந்தால் நீராவி மேகமாகி மழையாகக் கொட்டும். கோலத் திரங்கானுவில் நவம்பர், டிசம்பர் ஆகிய ஒவ்வொரு மாதமும் சராசரியாக 500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் விடுதிகள் அந்த மாதங்களில் கதவை மூடுவது இதனால்தான்.

சுமையை அங்கேயே இறக்கிவைத்த காற்று, மலையின் இந்தப் பக்கம் கீழிறங்குகிறது. இறங்கும் காற்று அழுந்திச் சூடாகும். சூடானால் மேகம் கரையும். மலைக்கு இந்தப் பக்கத்தில் கிடக்கும் நாம் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறோம். லங்காவியில் ஜனவரி, பிப்ரவரி இரண்டும்தான் ஆண்டிலேயே மிக வறண்ட மாதங்கள். ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய 50 மில்லிமீட்டர், அல்லது அதைவிடக் குறைவு. ஒரே காற்று, ஒரே நாடு. ஆனால் அங்கே வெள்ளம், இங்கே வெயில்.

அப்படியானால் நமக்கு மழை எப்போது? உங்கள் நிலவரைபட நூலை எடுத்துப் பாருங்கள். பினாங்கு, பேராக், சிலாங்கூர் கரைகளுக்கு மேற்கே சுமத்ரா ஒரு நீண்ட மதில் போல நிற்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை அந்த மதில் மழையின் ஒரு பகுதியைத் தடுத்துவிடுகிறது. அதனால்தான் தென்மேற்குப் பருவம் நம் நாட்டுக்கு ஒப்பளவில் வறண்ட காலம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இப்போது சுமத்ராவின் வடமுனையைத் தேடுங்கள். பண்டா ஆச்சே 5.5 பாகை வடக்கில் இருக்கிறது. லங்காவி 6.3 பாகை வடக்கில் இருக்கிறது. மதில் முடிந்த பிறகுதான் நம் தீவு வருகிறது! அந்தமான் கடலின் ஈரக்காற்று தடையின்றி அதன்மேல் வந்து மோதலாம்.

அதோடு சூரியனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் முதல் வாரத்திலும் நண்பகல் சூரியன் லங்காவியின் உச்சிக்கு நேராக வருகிறது. நம் கடிகாரம் சற்று முந்தி ஓடுவதால் அந்த நண்பகல் நமக்குப் பிற்பகல் 1.20 வாக்கில் வரும். அந்த நாளில் கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். தரை நன்றாகச் சூடாகி, காற்று மேலெழுந்து, பிற்பகலில் இடியுடன் மழை பெய்கிறது. காற்று திசை மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரிலும் இந்த இடிமழை அதிகம். எல்லாம் சேர்ந்து லங்காவியில் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள்தான் மிக ஈரமானவை. சராசரி 300 மில்லிமீட்டரை ஒட்டி வரும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். எட்டு மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலம் உள்ள வகுப்பறைக் கூரையில் அந்த மாதம் விழும் தண்ணீர் எத்தனை லிட்டர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நாங்கள் அதன் கீழேதான் உட்கார்ந்திருந்தோம்.

படம், பாகை எல்லாம் வேண்டாம் என்றால் பாட்டியைக் கேளுங்கள். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களுக்கு மழைக்கணக்கு என்பது சம்பளக் கணக்கு. விடியற்காலை மழை பெய்து மரம் நனைந்தால் அன்று வெட்டு இல்லை, மங்கில் பாலுக்குப் பதில் மழைத் தண்ணீர் நிற்கும். பெரட்டுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டும். ஆண்டின் தொடக்கத்தில் இலை கொட்டிக் காடே காய்ந்து கிடக்கும், பாலும் குறையும். நம் பண்டிகைகளும் இதையே சொல்கின்றன. கெடாவில் தீபாவளிக்குப் புதுச்சட்டை நனைந்த கதை இல்லாத வீடு உண்டா? தைப்பூசத்துக்கோ சுங்கை பட்டாணியில் காவடி எடுப்பவர்களின் கால் சுடாமலிருக்கத் தார்ச்சாலையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடும். அந்தக் கணக்கு கோலத் திரங்கானுவுக்குக்கூட ஓரளவு பொருந்தும். கோலக் கெடாவுக்குப் பொருந்தாது.

இனி நீங்கள் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி: சராசரியை நம்பிக் கிளம்பலாமா? முழுதாக நம்ப முடியாது. 2010 நவம்பர் தொடக்கத்தில் கெடாவிலும் பெர்லிஸிலும் பெருவெள்ளம் வந்து அலோர் ஸ்டார் விமான நிலையமே மூடப்பட்டது. நவம்பரில் ஈரம் இன்னும் முழுதாக விலகியிருக்காது. பல ஆண்டுகளின் கணக்கைப் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுக்க, கிளம்பும் வாரத்து முன்னறிவிப்பைப் பார்த்தே ஆக வேண்டும்.

அந்த முன்னறிவிப்பைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள் என்பது என் இன்னொரு குறை. கைப்பேசியில் ஏழு நாளும் இடிமேகப் படம் வந்தால் ஏழு நாளும் மழை கொட்டும் என்று பொருளில்லை. "60 விழுக்காடு" என்றால், அதே போன்ற பத்து நாள்களில் ஆறு நாள் அந்த இடத்தில் மழை பெய்யலாம் என்பதே பொருள். அது ஒரு மணி நேரத்து மழையாகவும் இருக்கலாம். மலேசிய வானிலை ஆய்வுத் துறை காலை, பிற்பகல், இரவு என்று பிரித்துச் சொல்கிறது. அதிலுள்ள மலாய்ச் சொற்களையும் கவனியுங்கள். "டி சத்து டுவா தெம்பாட்" என்றால் ஒன்றிரண்டு இடங்களில். "டி கெபாஞாக்கான் தெம்பாட்" என்றால் பெரும்பாலான இடங்களில். இரண்டுக்கும் எவ்வளவு வேறுபாடு! மேகப் படத்தைப் பார்த்தவர்கள் இந்தச் சொற்களைப் பார்ப்பதில்லை.

இப்போது நான் முன்பு சொன்ன ஆபத்துக்கு வருகிறேன். 2021 ஆகஸ்ட் 18இல் ஜெராய் மலை மீது பெய்த கனமழை, மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு யான், மெர்போக் பக்கம் பாய்ந்தது. தித்தி ஹாயுன் நீர்வீழ்ச்சிப் பகுதி சிதைந்தது, உயிர்கள் போயின. அடுத்த ஆண்டு ஜூலை 4இல் பாலிங்கின் கூப்பாங் பகுதியிலும் அதே போன்ற காட்டாற்று வெள்ளம், மீண்டும் உயிரிழப்பு. இரண்டு தேதிகளையும் பாருங்கள். ஆகஸ்ட், ஜூலை. நாட்டுப் பொதுக்கணக்கில் "வறண்ட" தென்மேற்குப் பருவம். "இது மழைக்காலம் இல்லையே" என்ற நினைப்போடு யாரும் மலை ஆற்றில் இறங்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மலாய்க்காரர்கள் இதைக் "கெபாலா ஆயர்" என்கிறார்கள். உச்சியில் கொட்டிய மழை ஒன்றுசேர்ந்து கீழே வரச் சிறிது நேரம் ஆகும். அதனால் நீங்கள் குளிக்கும் இடத்தில் நல்ல வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடலாம். செப்டம்பரில் மழை விட்டிருந்த அந்த ஒரு நாள், லங்காவியில் ஓர் ஓடைக்கரைக்குப் போனோம். பிள்ளைகள் துண்டோடு ஓடினார்கள். அங்கே பலகாரம் விற்ற மாக்சிக் மலையைக் காட்டி, இறங்கவே கூடாது என்று தடுத்துவிட்டார். மலையுச்சி கறுத்திருந்தது. பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாழைப்பழ வடை சாப்பிட்டார்கள். அரை மணி நேரத்தில் ஓடை தே தாரிக் நிறத்துக்கு மாறி, அவர்கள் விளையாட நினைத்த பாறையை மூடிவிட்டது. தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, மேலேயிருந்து இரைச்சல் கேட்பது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பொருள்களை எடுக்க நிற்காமல் அருகிலுள்ள மேட்டில் ஏறிவிடுங்கள். அக்கரைக்குக் கடக்க முயலாதீர்கள்.

வறண்ட மாதங்களை மட்டும் புகழ்வதும் சரியில்லை. மார்ச், ஏப்ரல் வெயில் கொடுமையானது. நம் நாட்டில் பதிவான உச்ச வெப்பம் பக்கத்திலுள்ள சுப்பிங்கில்தான்: எல் நினோ ஆண்டான 1998இல், ஏப்ரல் 9 அன்று 40.1 பாகை செல்சியஸ். 2016 ஏப்ரலில் பெர்லிஸிலும் கெடாவின் பெண்டாங், குபாங் பாசு வட்டாரங்களிலும் வெப்பத்தால் பள்ளிகளையே மூடினார்கள். பிப்ரவரி கடைசியில் தெலாகா துஜோ நீர்வீழ்ச்சியைப் பார்க்க அத்தனை படிகள் ஏறினால், பாறையில் மெல்லிய நீர்க்கோடுதான் மிஞ்சியிருக்கலாம். ஈரமான மாதங்களில் பிற்பகல் மழை வரும் என்று தெரிந்தால் காலையிலேயே கடற்கரைக்குப் போய்விட்டு, மழை நேரத்தை அருங்காட்சியகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீர்ப் புயற்காற்று வருவதும் உண்டு. படகுத்துறையில் "காத்திருங்கள்" என்றால் முணுமுணுக்காமல் காத்திருங்கள்.

உங்களுக்கு ஒரு வேலை. நேரான சுவருள்ள நெகிழிப் போத்தலின் மேல்பாகத்தை வெட்டி, கவிழ்த்து அதன் மேலேயே புனலாக வையுங்கள். அடியில் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி அதைச் சுழியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். மரத்தடியிலோ கூரையோரத்திலோ வைக்காமல் திறந்த வெளியில் வையுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் அளந்து, மீண்டும் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். ஓராண்டு எழுதினால் போதும். பீடோங்கிலும் பாடாங் செராயிலும் கூலிமிலும் உள்ள மாணவர்கள் தங்கள் கணக்குகளை ஒப்பிட்டால், பத்து கல் தொலைவில் மழை எப்படி மாறுகிறது என்பது தெரியும்.

எங்கள் குழுவில் மறுபடியும் பேச்சு தொடங்கியிருக்கிறது. பெரியம்மாவுக்கு நீர்வீழ்ச்சி நிறையத் தண்ணீரோடு வேண்டுமாம். மாமாவுக்கு மழையில்லாத கடற்கரை வேண்டுமாம். அக்டோபர் மழை மலையில் ஊறி ஓடைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்க, மேகம் மெல்ல விலகும் நாள்கள் எவை என்று பார்த்தேன். இந்த முறை வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. "டிசம்பர் மூன்றாம் வாரம்" என்று எழுதி அனுப்பினேன். மாமா இன்னும் பதில் போடவில்லை.