மலைச்சுனையும் மாந்தர் கடனும்

நுழையும்முன்

மலையில் ஊறும் நீரை வணங்குவது தமிழர் மரபு. அந்நீர் சமவெளிக்கு இறங்கி ஆறாக ஓடும்போதும் அதே மதிப்பைப் பெறுகிறதா? கொங்கு நாட்டின் மேற்கு எல்லையில் நிற்கும் வெள்ளியங்கிரி மலையையும், அம்மலைத்தொடரில் பிறக்கும் நொய்யலாற்றையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவுக்கு விடை தேடுகிறது.

நிலமும் நீரும்

ஐவகை நிலங்களுக்கும் கருப்பொருள் வகுத்த முன்னோர், ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய நீரையும் தனித்தனியே குறித்துள்ளனர். குறிஞ்சிக்கு அருவிநீரும் சுனைநீரும், முல்லைக்குக் காட்டாறு, மருதத்துக்குப் பொய்கையும் மனைக்கிணறும், நெய்தலுக்கு மணற்கிணறும் உவர்க்கழியும் உரியன. பாலைக்கு அவர்கள் குறித்த நீர், வற்றிய சுனையும் வற்றிய கிணறுமே. நீர் இருந்து இல்லாமற்போன நிலையையும் ஒரு நிலத்தின் அடையாளமாகக் கண்ட அவர்தம் நுட்பம் எண்ணி மகிழத்தக்கது. எச்சரிக்கையாகக் கொள்ளவும் தக்கது.

ஆழத்தின் நீர், காட்டின் நீர்

மலைநிலத்தில் ஊறும் நீர் இருவகைப்படும். ஒன்று வெந்நீரூற்று, மற்றொன்று தண்சுனை. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே நெடுந்தொலைவு கீழிறங்கும்போது புவியின் உள்வெப்பத்தால் சூடேறுகிறது. பொதுவாக ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை உயர்கிறது. அவ்வாறு சூடேறிய நீர் வேறொரு பிளவின் வழியே மேலெழுந்து வெந்நீரூற்றாகிறது. இந்தியாவில் இத்தகைய ஊற்றுகள் 300க்கும் மேல் உள்ளன. இமாச்சலப் பிரதேசத்தின் மணிகரணில் ஊற்றின் கொதிநீரிலேயே அரிசியையும் பருப்பையும் வேகவைத்து, வருவோர்க்கு உணவளிக்கின்றனர். இலங்கையில் திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியாவில் அடுத்தடுத்து அமைந்த ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. அங்கு நீராடி நீத்தார் கடன் செய்வது ஈழத்தமிழர் மரபு.

தண்சுனையின் பிறப்பு வேறு வகையானது. அது ஆழத்துக்குச் செல்வதில்லை. மலைமேல் பெய்யும் மழையைப் புல்வெளியும் சோலைக்காடும் ஏந்திக்கொள்கின்றன. சருகும் பாசியும் வேர்களும் செறிந்த மண், பஞ்சுபோல நீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. மழை ஓய்ந்த பின்னரும் அம்மண் சிறிது சிறிதாகக் கசியவிடும் நீரே பாறையிடுக்கில் சுனையாகிறது. வெந்நீரூற்று ஆழத்தின் கொடை என்றால், தண்சுனை காட்டின் கொடை. ஆகவே மலையின் மேற்பரப்பில் மனிதர் செய்யும் ஒவ்வொரு செயலும் தண்சுனையை விரைவில் வந்தடையும். காடு அழிந்தால் அது வற்றும். குப்பை சேர்ந்தால் அது கெடும்.

வெள்ளியங்கிரியின் சுனைகள்

கோயம்புத்தூருக்கு மேற்கே, பூண்டி அடிவாரத்திலிருந்து தொடங்குகிறது வெள்ளியங்கிரி மலைப்பாதை. ஏழு மலைகளைக் கடந்து, ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் உள்ள சுயம்புலிங்கத்தை வழிபடப் பிப்ரவரி முதல் மே வரை பெருந்திரளான மக்கள் ஏறுகின்றனர். மூங்கில் தடியை ஊன்றி இரவெல்லாம் ஏறுவோர்க்கு வழித்துணையாக இருப்பவை சுனைகளே. பாம்பாட்டிச் சுனை, கைத்தட்டிச் சுனை, ஆண்டிச் சுனை என அவற்றின் பெயர்களே வழியின் அடையாளங்களாகிவிட்டன. கைத்தட்டினால் பாறையிலிருந்து நீர் சுரக்கும் என்னும் நம்பிக்கை கைத்தட்டிச் சுனைக்கு அப்பெயரைத் தந்தது. ஆண்டிச் சுனையின் கடுங்குளிர் நீரில் நீராடிய பின்னரே பலர் ஏழாம் மலை ஏறுகின்றனர்.

கோடையில் கீழே நிலம் வெடித்துக் கிடக்கும்போதும் மேலே பாறையில் நீர் கசிவதைக் காண்பவர் கைகூப்புவது இயல்பே. ஆனால், கைகூப்பியவர் விட்டுச்செல்லும் நெகிழிப் புட்டிகளும் உணவுப் பொட்டலங்களும் அதே பாதையின் ஓரத்தில் கிடப்பதுண்டு. அடிவாரத்தில் வனத்துறையினர் பைகளைச் சோதித்து நெகிழிப் பொருள்களை அகற்றுகின்றனர். தன்னார்வலர்கள் மலையேறிக் குப்பைகளைச் சுமந்து இறங்குகின்றனர். வழிபட வந்தவரைச் சோதித்து அனுப்ப வேண்டியிருப்பதே, வழிபாடு இன்னும் முழுமையடையவில்லை என்பதற்குச் சான்று.

இறங்கும் நீர், இறங்கிய மதிப்பு

மலைப்பாதையில் தென்படும் குறை சிறியது. சமவெளியில் தென்படும் குறை பெரியது. வெள்ளியங்கிரித் தொடரின் கிழக்குச் சரிவில் இறங்கும் ஓடைகள் பெரியாறு, சின்னாறு எனத் திரண்டு, கூடுதுறையில் இணைந்து நொய்யலாகின்றன. காஞ்சிமாநதி எனப் புராணம் போற்றும் ஆறு இதுவே. பேரூர்ப் பட்டீசுவரர் கோயில் இதன் கரையில் உள்ளது. பதிற்றுப்பத்து குறிப்பிடும் கொடுமணம் எனக் கருதப்படும் கொடுமணலும் இதன் கரையில்தான் அமைந்துள்ளது. கோயம்புத்தூர், மலையின் மழைமறைவுப் பகுதியில் இருப்பதால், ஆண்டுக்கு 700 மில்லிமீட்டருக்கும் குறைவான மழையையே சராசரியாகப் பெறுகிறது. எனவேதான் முன்னோர் நொய்யலின் குறுக்கே அணைக்கட்டுகள் அமைத்து, வாய்க்கால் வெட்டி, குளம் குளமாக நீரைச் சேர்த்து வைத்தனர். மலை தந்ததைச் சமவெளி சிந்தாமல் வாங்கிக்கொண்ட காலம் அது.

இன்று அவ்வாறு நகரங்களின் கழிவுநீரையும் சுமக்கிறது. சென்னிமலைக்கு அருகே பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. அணையைத் திறந்தால் வயல் செழிக்கும் என்று எதிர்பார்த்திருந்த உழவர், திறந்தால் நிலம் உவராகும் என அஞ்சினர். நியாயம் கேட்டு நீதிமன்றப் படியேறினர். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

மலையில் கையேந்திப் பருகப்படும் நீரும், அணையில் தொட அஞ்சப்பட்ட நீரும் ஒரே ஆற்றுவழியைச் சேர்ந்தவை. மேலே வணங்குவோரும் கீழே கழிவை விடுவோரும் பெரும்பாலும் ஒரே மண்ணின் மக்களே.

தொழிலா, நீரா?

தொழில் இல்லையேல் வாழ்வு ஏது என்னும் வினா எழலாம். அது புறந்தள்ளத்தக்க வினா அன்று. வானம் பார்த்த பூமியில் உழவு பொய்த்த குடும்பங்கள் பலவற்றுக்குப் பின்னலாடைத் தொழிலே சோறிட்டது. பட்டறைகள் மூடப்பட்டபோது முதலில் துன்புற்றவர்கள் கூலித் தொழிலாளர்களே. ஆனால், பின்னர் நிகழ்ந்ததையும் காண வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரித்து, நீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தும் முறை திருப்பூரில் நடைமுறைக்கு வந்தது. செலவு மிகுந்ததாயினும், ஒரு சொட்டுக் கழிவுநீரும் ஆற்றில் விடாமல் சாயமேற்ற இயலும் என்பதை அத்தொழிலே மெய்ப்பித்தது. எனவே, தொழிலா நீரா என்று கேட்பது பிழை. தொழில் தன் கழிவுக்குத் தானே பொறுப்பேற்கிறதா என்று கேட்பதே முறை. அவ்வினா பட்டறைகளோடு நிற்பதன்று. கழிவுநீரை வாய்க்காலில் திறந்துவிடும் ஒவ்வொரு வீட்டையும் நகரையும் நோக்கி எழுப்பத்தக்கது.

தெரியுமா?

கோயம்புத்தூரின் புகழ்பெற்ற குடிநீரான சிறுவாணியும் இதே மலைப்பகுதியின் கொடைதான். அதன் நீர்த்தேக்கம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ளது.

மாந்தர் கடன்

மலைக்குச் செல்வோர், கொண்டுசென்றதைத் திரும்பக் கொண்டுவருதல் முதற்கடன். சோலைக்காட்டில் ஒரு தீப்பொறியும் விழாமல் காத்தல் அடுத்த கடன். தம் ஊர்க் குளத்துக்கு நீர் எங்கிருந்து வருகிறது, ஊரின் கழிவு எங்கே செல்கிறது என்னும் இரண்டையும் அறிந்து வைத்தல் மாணவர் கடன். நீரின் வழியை அறிந்தவர் அதில் கழிவைக் கலக்கத் தயங்குவர். பிறர் கலப்பதைக் கண்டால் கேள்வி கேட்கவும் துணிவர்.

குறிஞ்சியின் நீர் சுனை. பாலையின் நீர் வற்றிய சுனை. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரே ஒரு சொல். அச்சொல் கொங்கு மண்ணின் மீது எழுதப்படாமல் காப்பது, மலையில் கூப்பிய கைகள் சமவெளியில் என்ன செய்கின்றன என்பதைப் பொறுத்தது.