வரைபடத்தில் இல்லாத வாய்க்கால்



ஊருக்கு ஊர் ரோட்டோரம் கொடி கட்டி, கல் நட்டு மனை விற்கிறார்கள். கேட்டால், "டி.டி.சி.பி. அப்ரூவல் வாங்கியாச்சு, இனி என்ன?" என்கிறார்கள். அப்ரூவல் வாங்கின மனைப்பிரிவாலும் நம்ம வயல் காயுது. அதுதான் பிரச்சினை.

என் கதையையே சொல்றேன். கடைமடையில் எனக்கு ஒன்றரை ஏக்கர். மேல்புறத்து வயல் மனையாச்சு. தாத்தா காலத்திலிருந்து அதன் நடுவே ஓடிய வாய்க்காலைக் கிராவல் கொட்டி மூடிவிட்டார்கள். போய்க் கேட்டேன். வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். ரோடு இருக்கு, பூங்கா இருக்கு, வாய்க்கால் இல்லை! ஐப்பசி மழையில் தண்ணி வடிய வழியில்லாமல் புது வீட்டுக்காரர் வாசலில் முழங்கால் ஆழம் நின்றது. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் என் வயலுக்குச் சொட்டுத் தண்ணி வரலை. கடன்பட்டு மனை வாங்கிய அந்தக் குடும்பமும் நம்மைப் போல ஏமாந்ததுதான். அவங்க நமக்கு எதிரி இல்லை.

இது எப்படி நடக்குது? 2019ம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், ரோடு போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளி விடணும். ஏரி, ஓடை புறம்போக்காகப் பதிவாகியிருந்தால் அதுவும் கணக்கில் வரும். ஆனால் பட்டா நிலத்துக்குள் வழக்கத்தில் ஓடுகிற வாய்க்கால் பல இடங்களில் பதிவேட்டிலேயே இல்லை. 20 வருசம் தடையின்றி, உரிமையோடு அனுபவித்த நீர்வழிக்கு 1882ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் உரிமை தருது. அதை நிரூபிக்க நாம் கோர்ட்டுப் படி ஏறணும். அதுக்குள்ள எத்தனை போகம் போகும்?

கேரளத்தில் 2008ம் ஆண்டு நெல்வயல் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளூர்க் கண்காணிப்புக் குழு இருக்கு. ஊராட்சித் தலைவரும் வேளாண் அலுவலரும் இருக்கிற அதில் விவசாயிகளுக்கும் இடம் உண்டு. இங்கே மட்டும் ஏன் நம்மைக் கேட்கக் கூடாது?

நமது கோரிக்கைகள்:

1. ஒவ்வொரு ஊராட்சிக்கும் மனை அமைப்பு வழிகாட்டி வேண்டும். வாய்க்கால், வடிகால், மடை, வண்டிப்பாதை, களம், மேய்ச்சல் நிலம் எல்லாம் சர்வே எண்ணோடு அதில் ஏற வேண்டும்.

2. மனைப்பிரிவு மனு வந்தால் வரைபடத்தை ஊராட்சிப் பலகையில் ஒட்டி, ஆயக்கட்டு விவசாயிகளைக் கேட்ட பிறகே அனுமதி தர வேண்டும்.

3. வாய்க்கால் அதே அகலத்தில், திறந்தபடி ஓட வேண்டும். குழாய் போட்டு மூடக் கூடாது.

அரசு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கிராம வரைபட நகல் வாங்குங்க. ஊர்ப் பெரியவங்களோடு வரப்பு வரப்பாக நடந்து வாய்க்காலைக் குறியுங்க. அக்டோபர் 2 கிராம சபையில் அதைத் தீர்மானமாக்குங்க. நகலைக் குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் கையில் கொடுப்போம். தீர்மானம் மட்டும் அனுமதியைத் தடுத்துவிடாது. ஆனால் வாயால் சொன்னது காத்தோடு போகும், தீர்மானப் புத்தகத்தில் ஏறினது சாட்சியாக நிற்கும்.

வாய்க்கால் காப்போம்! வயல் காப்போம்! கிராம சபைக்குத் திரண்டு வாரீர்!