மாவட்ட மன்றத்துக்கும் ஓட்டு வேண்டும்

2019 ஜனவரி இடைத்தேர்தலில் கேமரன் மலைத் தொகுதி ரம்லி முகமட் நோரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மக்களவைக்குத் தேர்வான முதல் பூர்வகுடி அவர். அதற்கு முன் தேவமணி, பழனிவேல், சிவராஜ் என மலேசிய இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சிக்காரர்கள் வென்ற தொகுதி அது. நல்ல மாற்றம்தான், மனதார வரவேற்கிறேன். ஆனால் அத்தொகுதியிலுள்ள தானா ராத்தாவில் கடைக்கு உரிமம் தருவது மாவட்ட மன்றத்தின் வேலை. அதன் உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. 1965இல் நிறுத்திய உள்ளாட்சித் தேர்தல் திரும்பவே இல்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கதவை அடைத்தும்விட்டது. 2013 அக்டோபரில் கேமரன் மலை அணையிலிருந்து திறந்த நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கு வீடுகளுக்குள் சேறும் சகதியுமாகப் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. அப்படி ஒரு சேதம் மறுபடி வராதிருக்க, ஆற்றோரத்தில் யார் வீடு கட்டலாம், எங்கே காடு வெட்டலாம் என்று கேள்வி கேட்கவேண்டிய மன்ற உறுப்பினரை எஸ்டேட்காரரும் தோட்டக்காரரும் பூர்வகுடியினரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க பகாங் அரசும் புத்ராஜெயாவும் வழிவிட வேண்டும்.