பனிக்கட்டியை உடைப்பவர் யார்?

யாத்திரை என்றால் நம் பெரியோர்களுக்குக் காசியும் இராமேசுவரமுந்தான். சற்றுத் துணிந்தவர்கள் பதரிநாதம் வரையில் போய்ப் பனிமலையைத் தரிசித்துவிட்டு வருவார்கள். இக்காலத்துத் தனவந்தர்கள் சிலருக்கோ பதரியின் குளிர் போதவில்லை. பூமியின் உச்சந்தலையாகிய வட துருவத்துக்கே புறப்பட்டு விடுகிறார்கள். பல லட்சம் ரூபாய் கட்டணம் செலுத்தி, பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு செல்லும் கப்பலில் ஏறி, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் போய்த் திரும்புகிறார்கள். பணம் படைத்தவர்களின் பைத்தியம் என்று இதைத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. இந்தப் பிரயாணத்தில் அறிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அது வீட்டை விட்டு நகராத நம்மையும் பற்றியது.

முதலில் கப்பலைப் பார்ப்போம். ருஷ்யாவின் மூர்மான்ஸ்க் துறைமுகத்தைச் சேர்ந்த "வெற்றியின் 50 ஆண்டுகள்" என்னும் கப்பல் 2007-ஆம் வருஷம் வேலைக்கு வந்தது. அது அணுசக்தியால் ஓடுவது. 75,000 குதிரைச் சக்தி உள்ளது. பல கோடை காலங்களில் பிரயாணிகளைத் துருவத்துக்கு ஏற்றிச் சென்றிருக்கிறது. இத்தகைய கப்பல் பனிக்கட்டியைக் கத்தியைப் போல் அறுத்துக்கொண்டு போகும் என்று நேயர்கள் எண்ணலாம். அப்படியன்று. அதன் முகப்பு அகப்பையின் அடியைப் போல் வளைந்திருக்கிறது. கப்பல் பனிப்பாளத்தின் மீது ஏறிப் படுக்கிறது. பாரம் தாங்காமல் பாளம் பிளக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அணு உலையின் சூட்டைத் தணிக்கக் குளிர்ந்த கடல் நீர் வேண்டும். ஆகையால் இந்த வகைக் கப்பல் உஷ்ணப் பிரதேசத்துக் கடல்களைக் கடக்க முடியாது. அணுவைப் பிளந்து பனியைப் பிளக்கும் பராக்கிரமசாலிக்கு நம் வங்காள விரிகுடா ஒத்துக்கொள்ளாது!

மூர்மான்ஸ்கிலிருந்து வடக்கே போனால் பாரென்ட்ஸ் கடல். அப்பால் பிரான்ஸ் ஜோசப் தீவுகள். பிறகு எங்கும் பனிதான். கோடையில் அங்கே சூரியன் அஸ்தமிப்பதில்லை. மனிதர்களின் ஒரு வருஷம் தேவர்களுக்கு ஒரு நாள் என்று நம் பாட்டிமார் சொல்லும் கணக்கு துருவத்தில் கண்கூடு. ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு. ஆனால் துருவத்தில் நிலம் கிடையாது. சுமார் 4 கிலோமீட்டர் ஆழமுள்ள கடலின்மேல் பனி மிதக்கிறது. மிதப்பதோடு நில்லாமல் நகர்ந்துகொண்டும் இருக்கிறது. பிரயாணிகள் ஒரு கம்பத்தை நட்டு, கைகோத்து அதைச் சுற்றி வந்து, உலகத்தைப் பிரதட்சிணம் செய்துவிட்டதாக மகிழ்கிறார்கள். சற்று நேரத்துக்கெல்லாம் கம்பம் ஒரு பக்கமும் துருவம் ஒரு பக்கமும் ஆகிவிடுகின்றன.

இதே பனியோடு முன்னோர் பட்ட பாட்டை நினைத்தால் மெய் சிலிர்க்கிறது. "ஜீனெட்" என்ற அமெரிக்கக் கப்பலை 1881-ல் சைபீரியாவுக்கு வடக்கே பனி நெருக்கி நொறுக்கியது. அதிலிருந்த 33 பேரில் 20 பேர் மாண்டார்கள். மூன்று வருஷம் கழித்து அதன் சாமான்கள் சில கிரீன்லாந்துக் கரையில் ஒதுங்கின. நார்வே தேசத்து நான்ஸென் அதைக் கவனித்தார். பனியே சாமான்களைச் சுமந்து வந்ததென்றால், கப்பலையும் சுமக்காதா? அடிப்புறம் உருண்டையாக அமைந்த "பிராம்" கப்பலை அவர் 1893-ல் வேண்டுமென்றே பனியில் சிக்கவைத்தார். நெருக்கிய பனி கப்பலை நொறுக்காமல் மேலே தூக்கிவிட்டது. 1896-ல் கப்பல் வெளிவந்தது. சென்ற 13 பேரும் உயிரோடு திரும்பினார்கள். துருவத்தை மட்டும் அவர்கள் எட்டவில்லை. 1977 ஆகஸ்டு 17-ந் தேதிதான் "ஆர்க்டிகா" என்ற ருஷ்ய அணுக் கப்பல், கடலின் மேற்பரப்பில் துருவத்தை அடைந்த முதற் கப்பலாயிற்று. நாற்பது வருஷங்கழித்து, 2017-ல், நாம் முன்சொன்ன கப்பல் மூர்மான்ஸ்கிலிருந்து 79 மணி நேரத்தில் துருவம் போய்ச் சேர்ந்தது.

இவ்வளவு கப்பல்கள் உடைத்துக்கொண்டு போனால் பனி என்னாவது என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கணக்குப் பார்ப்போம். கப்பலின் அகலம் 30 மீட்டர். 1,000 கிலோமீட்டர் பனியைப் பிளந்ததாக வைத்துக்கொண்டாலும் 30 சதுர கிலோமீட்டர்தான் ஆகிறது. உடைந்த பாளங்களும் அங்கேயே மிதக்கின்றன. ஆனால் 1980-ஐ ஒட்டிய வருஷங்களில் செப்டம்பர் மாதத்தில் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் இருந்த பனி, 2012-ல் 34 லட்சமாகச் சுருங்கியது. நம் பாரத தேசத்தின் பரப்பைவிடப் பெரிய வெண்பரப்பு காணாமற் போயிற்று! பிந்திய வருஷங்களில் சற்றுக் கூடியும் குறைந்தும் இருந்தபோதிலும், பழைய அளவுக்கு ஒரு தடவையேனும் அது திரும்பவில்லை.

இதை உடைத்தது எந்தக் கப்பல்? கப்பலே அன்று, புகை. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து ஆகாயத்தில் கலக்கும் கரியமில வாயு ஒரு டன்னுக்கு, செப்டம்பர் மாதப் பனியில் 3 சதுர மீட்டர் வீதம் மறைவதாக 2016-ல் இரண்டு விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். ஒரு ஜமக்காளம் விரிக்கும் இடம்! நம் தேசத்தில் ஆளுக்குச் சராசரி வருஷத்துக்கு 2 டன். அமெரிக்காவில் ஏறக்குறைய அதைப் போல் ஏழு மடங்கு. வெண்பனி வெயிலில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். கரிய கடலோ பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விழுங்கிவிடும். ஆகவே உருகியது மேலும் உருக வழி செய்கிறது. அந்தப் பனியின் மீது வேட்டையாடிப் பிழைத்துவரும் இனுயிட் ஜனங்களும், கடல்நாய்க்குக் காத்துக் கிடக்கும் வெண்கரடியும் இந்தப் புகைக்கு எவ்வளவு பங்கு செலுத்தினார்கள்?

நமக்கு அவ்விடத்தில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ஸ்வால்பார்டு தீவுகளைப் பற்றிய உடன்படிக்கையில் 1920-ல் இந்தியாவின் பெயராலும் கையெழுத்து விழுந்தது. நம்மைக் கேட்டு விழுந்த கையெழுத்தன்று. பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் போட்டது. 2008-ல் சுதந்திர இந்தியா அதே தீவுகளில் "ஹிமாத்ரி" என்னும் சொந்த ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தது. துருவப் பனிக்கும் நம் பருவமழைக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய்வது அங்குள்ள வேலைகளில் ஒன்று. மழையை நம்பி வாழும் தேசத்துக்கு இது அவசியமான வேலை அல்லவா?

வசதி உள்ளவர்கள் கப்பலேறிப் போய் வரட்டும். நாம் குறுக்கே நிற்கவில்லை. திரும்பும்போது படங்களோடு இந்தக் கணக்கையும் கொண்டுவந்து ஊராருக்குச் சொல்வார்களானால் கட்டணம் வீண்போகாது. இருநூறு வருஷம் புகை விட்டுச் செல்வம் சேர்த்த தேசங்கள் முதலில் கையைச் சுருக்க வேண்டும் என்று நம் பிரதிநிதிகள் உலக சபைகளில் உரத்துக் கேட்கட்டும். அது நம் உரிமை. ஆனால் யாருமில்லாத அறையில் எரியும் விளக்கையும், அடுத்த தெருவுக்குப் போக எடுக்கும் மோட்டாரையும் நிறுத்த எந்தச் சபையின் தீர்மானமும் வேண்டியதில்லை. நேயர்கள் இதை இன்று மாலையே தொடங்கலாம்.