மண்டபம் நிரப்ப மட்டுமா மாணவர்?

எங்கட பக்கத்தில ஒரு துறைசார் சங்கம் கூட்டம் வைத்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இரண்டு வேலைதான் இருக்கும்: வாசலில் பாண்ட் வாத்தியம் வாசிப்பது, பின்வரிசைக் கதிரைகளை நிரப்புவது. கேள்வி நேரம் தொடங்க முதலே பெடியளை ஏற்றிக்கொண்டு பஸ் போய்விடும். இதையும் ‘மாணவர் பங்களிப்பு’ என்று அறிக்கையில் எழுதுவினம்.

மாணவருக்குச் சங்கம் நடத்தத் தெரியாது என்பவர்களுக்கு 1924ஐ ஞாபகப்படுத்துகிறோம். ஹன்டி பேரின்பநாயகம் முன்னின்று தொடங்கிய அமைப்பின் முதற்பெயரே யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ். வாலிபர் காங்கிரஸ் என்று மாறினது பிறகுதான். 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது அவர்கள்தான்.

யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கம் தொடங்கியது 1991இல், குடாநாட்டில் மின்சாரமே இல்லாத காலத்தில். இன்றும் வருடாந்த அமர்வு வைத்து ஆய்வுக் கட்டுரைகள் வாசிக்கினம். மதிக்கவேண்டிய உழைப்பு. அவர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்று: அச்சுவேலிப் பிள்ளைகளைப் பார்வையாளராக அல்ல, வேலைக்குக் கூப்பிடுங்கோ.

என்ன வேலை? கிணறுதான். அச்சுவேலி, புத்தூர் எல்லாம் கீழே சுண்ணாம்புக்கல். தோட்டத்துக்குப் போடுகிற உரமும் மலக்குழிக் கழிவும் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கிக் கிணற்றில் சேரும். குடிதண்ணியில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஆபத்து முக்கியமாகப் புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைகளுக்கு. கொதிக்கவைத்தாலும் அது போகாது. (கொதிக்கவைத்தால் எல்லாம் சரி என்று நம்புகிற அம்மம்மாக்கள் எங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கினம்!) மாரிக்கு முன்னும் பின்னும் அளவு மாறும், ஆகவே ஒருமுறை பார்த்து முடிவு சொல்லேலாது. மாதாமாதம் பார்க்கவேணும். அதற்காக ஒரு பேராசிரியர் மாதாமாதம் இங்கே வருவாரா? அந்தக் கிணற்றில் தினமும் தண்ணி அள்ளுகிற பிள்ளை இங்கேதான் இருக்கிறாள். நிறம் மாறுகிற சோதனைத் தாளால் முதற்கணக்கை அவள் எடுப்பாள். கூடக் காட்டுகிற கிணறுகளின் தண்ணியைச் சங்கத்து ஆட்கள் ஆய்வுகூடத்தில் உறுதிப்படுத்தட்டும். கட்டுரை வரும்போது அவளின் பெயரும் அதில் வரவேணும்.

“படிப்புக் கெட்டுவிடும்” என்று பெற்றோர் சொல்லுவினம். அந்தப் பயம் பொய்யில்லை. உயர்தர வகுப்பில் இருக்கிற பிள்ளைக்குச் சனி ஞாயிறும் ரியூசன்தான். ஆனால் சாதாரணதரம் எழுதிவிட்டு முடிவு வரும்வரை மாதக்கணக்கில் சும்மா இருக்கினமே, அங்கே தொடங்கலாம். அந்த மாதங்களில்தான் பாதிப் பேர் வெளிநாட்டுக் கனவோடு ஏஜென்சி தேடத் தொடங்குகினம். ஊரில் தன் படிப்புக்கு ஒரு வேலை இருக்கு என்று அதுக்கு முதல் யாராவது காட்டவேணும்.

அப்படி வேலை செய்கிற மாணவருக்குச் செயற்குழுவில் இரண்டு இடமும் வேணும், வாக்குரிமையோடு. அது இல்லாவிட்டால் தண்ணி அள்ளிக் கொடுக்கிற கூலியில்லா வேலையாட்களாகத்தான் எங்கட பிள்ளைகள் இருப்பினம்.