அன்னிய ஏஜெண்ட் என்ற முத்திரை

வெளிநாட்டுப் பணம் பெறும் ஸ்தாபனங்கள் கணக்குக் காட்டத்தான் வேண்டும். பணம் கொடுப்பவர் யார், அது எதற்குச் செலவாகிறது என்று அறிய மக்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கணக்குக் கேட்பது வேறு. கணக்குக் காட்டியவர் நெற்றியில் துரோகி என்று எழுதுவது வேறு. கருங்கடல் கரையிலுள்ள ஜார்ஜியாவில் எழுந்த விவாதத்தின் சாரம் இதுதான்.

அங்கு ஆளும் ‘ஜார்ஜியக் கனவு’ கட்சி 2023-ல் இத்தகைய மசோதாவைக் கொண்டுவந்தது. தலைநகர் திபிலிசியில் மக்கள் கிளர்ந்தெழவே, மார்ச் மாதம் அதைக் கைவிட்டது. 2024 ஏப்ரலில் மசோதா மீண்டும் வந்தது. ‘அன்னியச் செல்வாக்கின் ஏஜெண்ட்’ என்ற சொல், ‘அன்னிய சக்தியின் நலனை நாடும் ஸ்தாபனம்’ என்று மாறியிருந்தது, விஷயம் மாறவில்லை. வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து பெறும் சேவை ஸ்தாபனங்களும் பத்திரிகைகளும் அப்பெயரில் பதிவு செய்துகொள்ள வேண்டும். தவறினால் 25,000 லாரி அபராதம். ஜனாதிபதி சலோமே சூராபிஷ்விலி வீட்டோ அதிகாரத்தைப் பிரயோகித்தும் பயனில்லை. மே 28-ல் பார்லிமெண்ட் அதைத் தள்ளிவிட்டுச் சட்டத்தை உறுதி செய்தது.

அமெரிக்காவில் 1938 முதலே இத்தகைய சட்டம் இருக்கிறதே என்று ஆளும் கட்சி கேட்டது. நாஜிப் பிரசாரத்தைத் தடுக்க எழுந்த அச்சட்டம், ஒருவர் அன்னியரின் உத்தரவுப்படியோ வேண்டுகோளின்படியோ செயல்படுகிறாரா என்று ஆராய்கிறது. ஜார்ஜியாவின் 2024 சட்டத்துக்கோ பணம் வந்த திசையே போதுமானதாயிருந்தது.

முத்திரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ரஷ்யா உதாரணம். அங்கு 2012-ல் இத்தகைய சட்டம் வந்தது. ஸ்டாலின் கால அடக்குமுறைகளை ஆவணப்படுத்திய ‘மெமோரியல்’ ஸ்தாபனம், தன் வெளியீடுகளில் ‘அன்னிய ஏஜெண்ட்’ என்று குறிப்பிடத் தவறியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, 2021 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவால் கலைக்கப்பட்டது. மறு ஆண்டே நோபல் சமாதானப் பரிசில் அதற்குப் பங்கு கிடைத்தது!

ஜார்ஜியாவும் பெயர் சூட்டுவதோடு நிற்கவில்லை. வெளிநாட்டு நன்கொடை பெற சர்க்காரின் சம்மதம் வேண்டும் என்று 2025 ஏப்ரலில் விதி செய்தது.

இந்த இடத்தில் நம் நாட்டையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவசரநிலைக் காலத்தில், 1976-ல், வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் பிறந்தது. 2010-ல் புதுச் சட்டம் வந்தது. 2020-ல் செய்த திருத்தம், பணம் முதலில் ஸ்டேட் பாங்கின் புது டில்லிக் கிளைக்கே வர வேண்டும் என்றது. நிர்வாகச் செலவின் வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. 2022-ல் சுப்ரீம் கோர்ட் இத்திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நம் சட்டம் யாரையும் ஏஜெண்ட் என்று அழைக்கவில்லை. ஆனால் அனுமதியின் சாவி சர்க்கார் கையில்.

இதே சுப்ரீம் கோர்ட் 2020 மார்ச்சில் சொன்னது கவனிக்கத்தக்கது. தீவிர அரசியலில் இல்லாத ஓர் அமைப்பு, மக்கள் உரிமைக்காக பந்த், ஹர்த்தால் போன்றவற்றை ஆதரித்தது என்பதற்காக மட்டும் அதற்கு வெளிநாட்டு நன்கொடையை மறுக்கக் கூடாது என்றது.

அளவுகோல் அதுவாகவே இருக்க வேண்டும். பணத்தின் ஊரைக் கேட்கட்டும். தீர்ப்பு மட்டும் செயலைப் பார்த்தே வரட்டும். குற்றம் செய்தவரைக் கோர்ட்டில் நிறுத்த எந்த சர்க்காருக்கும் வழி உண்டு. விசாரணையின்றிப் பட்டம் சூட்டுவது, பதில் சொல்ல விரும்பாத சர்க்கார் தேடும் குறுக்குவழியே.