ராக்ஸியில் நடந்த காந்தி

ஆவடியின் பெயரைப் பற்றி இனி எழுதமாட்டேன் என்று இந்தப் பத்தியில் சத்தியம் செய்து எட்டு மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அந்தச் சத்தியம் போயிற்று. பழைய வாசகர்கள் மன்னிக்கவேண்டும். புதியவர்கள் இரண்டு பத்தி பொறுத்துக்கொள்ளவேண்டும்.

காந்தி ஜயந்தியை ஒட்டி ஆவடியில் ஒரு நலச்சங்கத்தார் படம் போட்டார்கள். அமைதி, மனிதநேயம், சமூகநீதி என்று துண்டறிக்கையில் மூன்று சொற்கள். "படத்துக்கு முன்னாடி நீங்க ரெண்டு வார்த்தை பேசணும் சார்" என்றார்கள். எனக்கென்ன கஷ்டம்? அம்பத்தூரில் ரயில் ஏறினால் திருமுல்லைவாயல், அன்னனூர், அடுத்தது ஆவடி. டாங்கி செய்கிற ஊரில் சமாதானப் படம் என்று தொடங்கினால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் பேசிய சிறப்பு விருந்தினர் அதையே சொல்லிவிட்டார். போகட்டும். அதோடு நிறுத்தினாரா? ஆவடி என்பதே டாங்கிக்காரர்கள் வைத்த ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்தான் என்றார். அரங்கம் கைதட்டியது.

1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு ஆவடியில் நடந்தது. சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. இந்த ஊர் சமூகநீதிப் பேச்சில் இடம்பெற உருப்படியான காரணம் அது ஒன்று. அதை மேடையில் ஒருவரும் சொல்லவில்லை. கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது 1961இல். முதல் விஜயந்தா டாங்கி வாசலைத் தாண்டியது 1965இல். ஆறு வருஷம் கழித்து வரப்போகிற தொழிற்சாலையின் முதலெழுத்துகளிலா நேருவும் காமராஜரும் பந்தல் போட்டார்கள்? 2021இல் அரசாங்கம் இந்தத் தொழிற்சாலைகளை ஒரு நிறுவனமாக்கி, ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகம் என்று பெயரிட்டு, தலைமையகத்தையும் ஆவடியிலேயே வைத்தது. எரிகிற நெருப்பில் எண்ணெய். இனி இந்தக் கதையை எந்தக் கொம்பனாலும் அழிக்கமுடியாது.

சரி, படத்துக்கு வருகிறேன். அட்டன்பரோவின் 'காந்தி', 1982. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். பேச்சுகள் நேரத்தைத் தின்றுவிட்டதால் முதல் இருபது நிமிடமும் உப்புச் சத்தியாகிரகமும் போதும் என்று முடிவாயிற்று. இறுதி ஊர்வலக் காட்சிக்கு மூன்று லட்சம் பேர் வந்தார்கள், எட்டு ஆஸ்கர் கிடைத்தது என்றெல்லாம் விருந்தினர் எடுத்துச் சொன்னார். தப்பில்லை; நல்ல படம், பென் கிங்ஸ்லியை நானும் ரசித்திருக்கிறேன். கடைசியில் ஒன்று சொன்னார் பாருங்கள்: "காந்தியைப் படம் பிடிக்க ஒரு வெள்ளைக்காரன்தான் வரவேண்டியிருந்தது."

உண்மையில் இந்த வாரம் நான் எழுத உட்கார்ந்தது அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். ஆவடி வெறும் பாயிரம்.

1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகிற கப்பலில் கோட்டையூர்க்காரர் ஒருவர். இருபத்தாறு வயது முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. ரங்கூனில் 'தனவணிக'னை நடத்தியவர், டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். காந்தி பிறந்த நாளன்று நடுக்கடலில் அவருக்கு ஒரு யோசனை: காந்தியின் வாழ்க்கையை ஆவணப்படமாக எடுத்தால் என்ன? ஏ. கே. செட்டியார் இந்த யோசனையைக் கப்பலோடு விட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். நாமெல்லாம் அப்படித்தானே இறங்குகிறோம்.

காந்தியோ கேமராவுக்கு நின்று கொடுக்கிற ஆள் இல்லை. அவருடைய பழைய நாட்களைப் புதிதாகப் படம் பிடிக்கவும் முடியாது. எனவே செட்டியார் செய்தது பொறுக்குகிற வேலை. ஏறத்தாழ முப்பது வருஷங்களில் சுமார் நூறு ஒளிப்பதிவாளர்கள் உலகத்தின் மூலை முடுக்கில் எடுத்துவைத்த துண்டுகளைத் தேடி ஒரு லட்சம் மைல் அலைந்தார். செய்திப்பட நிறுவனங்களின் படிகளை ஏறி இறங்கினார். தென்னாப்பிரிக்கா போனார். ஐரோப்பாவில் போர் மூண்டுகொண்டிருந்த சமயம் வேறு. சேர்ந்தது ஐம்பதாயிரம் அடி. நிறுத்தாமல் ஓட்டினால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். அதை வெட்டிப் பன்னிரண்டாயிரம் அடியாக்கினார். தமிழில் விளக்கவுரை, டி. கே. பட்டம்மாளின் பாட்டு. 1940 ஆகஸ்டு 23 அன்று புரசைவாக்கம் ராக்ஸியில் திரையிட்டார். அட்டன்பரோவுக்கு நாற்பத்திரண்டு வருஷம் முன்னால், காந்தி உயிரோடு இருக்கும்போதே.

இதையெல்லாம் அவரே 'குமரி மல'ரில் எழுதினார். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்று காலச்சுவடு 2003இல் வெளியிட்டது. என் மேசையில் எப்போதும் இருக்கிற ஐந்தாறு புத்தகங்களில் அது ஒன்று. அட்டை கிழிந்து ஒட்டுப்போட்டிருக்கிறேன். மனிதாபிமானப் படம் ஒன்றைச் சொல்லு என்று யாராவது கேட்டால் இந்தப் புத்தகத்தைத்தான் சொல்வேன். வீரம் பேசாத புத்தகம். யாரைப் பார்த்தார், யார் உதவினார், எங்கே என்ன கிடைத்தது, அவ்வளவுதான். கடைக்கணக்கு எழுதுகிற நகரத்தார் கை. கண் கலங்கினேன், நெஞ்சு விம்மியது என்கிற சங்கதிகளுக்கு அவரிடம் இடம் கிடையாது. என் ஒரே புகாரும் அதுதான். மூன்று வருஷம் அலைந்த மனுஷன் ஒரு இடத்திலாவது உட்கார்ந்து பெருமூச்சு விட்டிருக்கலாம்.

படம் என்ன ஆயிற்று? வெள்ளைக்கார அரசாங்கத்துக்குப் பயந்து சில காலம் பதுங்கியிருந்தது. சுதந்திரம் வந்தபோது டெல்லியில் இந்தி விளக்கவுரையோடு ஓடியது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் வந்தது. அந்த ஆங்கிலப் பிரதியை சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேங்கடாசலபதி தேடிப் பிடித்தார். தமிழ்ப் பிரதி போனது போனதுதான். உலகமெல்லாம் அலைந்து அவர் சேர்த்ததை நாம் ஊருக்குள்ளேயே தொலைத்தோம்.

இதைத்தான், இதைவிடச் சத்தமாக, ஆவடி மேடையில் சொன்னேன். விருந்தினர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பெரியவர் ஒருவர் வந்தார். எழுபத்தெட்டு வயது, டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"சார், நீங்க சொன்ன படத்த எங்கப்பா பாத்திருக்காரு. பின்னி மில்லுல இருந்தாரு. ஷிப்டு முடிஞ்சு ராக்ஸிக்கு நடந்தே போயிட்டாங்களாம்."

எனக்குக் கையில் புதையல் கிடைத்த மாதிரி. என்ன சொன்னார், என்ன பார்த்தார் என்று பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணுதான் சொல்லுவாரு. காந்தி நடக்கவே மாட்டாரு, ஓடுவாருன்னு."

பேசாப்பட காலத்தில் நொடிக்குப் பதினாறு, பதினெட்டு படம் என்று எடுத்ததை, நொடிக்கு இருபத்துநாலு ஓடுகிற இயந்திரத்தில் போட்டால் எல்லோரும் ஓடத்தான் செய்வார்கள், அதைத்தான் அப்பா பார்த்திருப்பார் என்று விளக்கினேன். ஃபிட்டர் அல்லவா, சட்டென்று பிடித்துக்கொண்டார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

"மிஷின் சரியாத்தான் சார் ஓடியிருக்கும். அந்த ஆளு நடையே அப்படி."

ரயில் வரும்வரை இருவரும் வாதாடிக்கொண்டிருந்தோம்.